லிக்விட் கூலிங் இருந்தும் கிராபிக்ஸ் கார்டு கொதிக்கிறதா? கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பது எப்படி?

ஏப்ரல் மாத மதியம். சாமராஜநகரில் உங்கள் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து பெங்களூரு கம்பெனிக்கோ கோவை க்ளையன்ட்டுக்கோ வேலை பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பிளெண்டரில் ரெண்டர் ஓடுகிறது. திங்கட்கிழமை காலைக்குள் முடித்துக் கொடுக்க வேண்டும். திடீரென்று வேகம் பாதியாகக் குறைகிறது. ஃபேன் சத்தம் ஏறுகிறது. கொஞ்ச நேரத்தில் திரை கறுப்பாகிவிடுகிறது.

'தண்ணி கூலிங் போட்ட கார்டு ஆச்சே, இது எப்படி சூடாகும்?' என்பதுதான் முதலில் தோன்றும். ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்று செலவு செய்து வாங்கிய பொருள். பக்கத்தில் நல்ல சர்வீஸ் ஆள் வேண்டுமென்றால் 60 கிலோமீட்டர் தள்ளி மைசூருக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் திம்பம் மலைப்பாதை இறங்கிக் கோவைக்குப் போக வேண்டும்.

பதற வேண்டாம். ஸ்க்ரூ டிரைவரையும் இப்போதே கையில் எடுக்க வேண்டாம். பெரும்பாலான நேரங்களில் கார்டைக் கழற்றாமலேயே கோளாறு எந்த இடத்தில் இருக்கிறது என்று அரை மணி நேரத்தில் சொல்லிவிட முடியும். அது எப்படி என்று பார்ப்போம்.

லிக்விட் கூலிங் உண்மையில் என்ன செய்கிறது?

முதலில் ஒரு தவறான எண்ணத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும். லிக்விட் கூலிங் என்பது ஃபிரிட்ஜ் அல்ல. அது வெப்பத்தை அழிப்பதில்லை, ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் கொண்டுபோய்க் கொட்டுகிறது, அவ்வளவுதான்.

சிப்பின் மேல் ஒரு செம்புத் தகடு உட்கார்ந்திருக்கும். அதுதான் கோல்டு பிளேட். அதற்குள் முடி அளவு மெல்லிய இடைவெளிகள் வழியாகத் திரவம் ஓடும். பம்ப் அந்தத் திரவத்தை ரேடியேட்டருக்குத் தள்ளும். ரேடியேட்டரில் இருக்கும் ஃபேன், வெப்பத்தை அறைக்காற்றில் கலந்துவிடும். குளிர்ந்த திரவம் மறுபடி சிப்புக்கு வரும்.

இந்தச் சங்கிலியில் நான்கு கண்ணிகள் இருக்கின்றன: சிப்புக்கும் தகட்டுக்கும் இடையேயான தொடர்பு, திரவத்தின் ஓட்டம், ரேடியேட்டர், அறைக்காற்று. எந்தக் கண்ணி தளர்ந்தாலும் சூடு ஏறும். ஆனால் ஒவ்வொன்றும் தளரும்போது சூடு ஏறும் விதம் வேறு வேறு. அதை வைத்துத்தான் கண்டுபிடிக்கப் போகிறோம்.

இந்தத் தொழில்நுட்பம் கேமிங் ரசிகர்களுக்கு மட்டுமானதும் அல்ல. திருச்சி என்ஐடியில் 2022 மே 25 அன்று தொடங்கிவைக்கப்பட்ட 838 டெராஃப்ளாப்ஸ் திறன்கொண்ட 'பரம் பொருள்' சூப்பர் கம்ப்யூட்டரும் சிப்பின் மேலேயே திரவத்தைக் கொண்டுசெல்லும் முறையில்தான் குளிர்விக்கப்படுகிறது. அங்கேயும் உங்கள் மேஜையிலும் இயற்பியல் ஒன்றுதான்.

எத்தனை டிகிரி என்றால் பயப்பட வேண்டும்?

'என் கார்டு 65 டிகிரி காட்டுது, ஆபத்தா?' என்று கேட்டால், 'உங்கள் அறை எத்தனை டிகிரி?' என்றுதான் திருப்பிக் கேட்க வேண்டும். எந்த லிக்விட் கூலிங்கும் அறையின் வெப்பநிலைக்குக் கீழே போக முடியாது. அறை ஒரு டிகிரி ஏறினால் கார்டும் ஏறக்குறைய ஒரு டிகிரி ஏறும்.

தோராயமான கணக்கு இது. முழு வேலையில் திரவம் அறையைவிட 10 முதல் 15 டிகிரி கூடுதலாக இருக்கும். சிப் அந்தத் திரவத்தைவிட 10 முதல் 20 டிகிரி கூடுதலாக இருக்கும். ஏசி போட்ட 24 டிகிரி அறையில் 50 டிகிரி காட்டும் கார்டு, மின்விசிறி மட்டும் ஓடும் 34 டிகிரி அறையில் 60 காட்டினால் அது கோளாறு இல்லை. கோடைக்காலம், அவ்வளவுதான்.

நீங்கள் பார்க்க வேண்டிய எண்கள் மூன்று. எச்டபிள்யூ-இன்ஃபோ, ஜிபியூ-இசட் போன்ற இலவச மென்பொருள்களில் இவை கிடைக்கும்.

ஒன்று, ஜிபியூ வெப்பநிலை. லிக்விட் கூலிங் கார்டில் இது முழு வேலையில் 50 முதல் 65 வரை இருப்பது சாதாரணம். 75-ஐத் தாண்டினால் ஏதோ சரியில்லை. என்விடியா தரும் உச்சவரம்பு ஆர்டிஎக்ஸ் 3090-க்கு 93 டிகிரி, ஆர்டிஎக்ஸ் 4090-க்கு 90 டிகிரி. ஆனால் அது சிப்புக்கான வரம்பு. பம்ப், குழாய், ரப்பர் சீல் ஆகியவற்றுக்கு அத்தனை தாங்கும் சக்தி கிடையாது. திரவம் 60 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பதுதான் பெரும்பாலான பம்புகளுக்குப் பொதுவான எல்லை. 2014-ல் ஏஎம்டி வெளியிட்ட ரேடியான் ஆர்9 295எக்ஸ்2 கார்டு, தொழிற்சாலையிலேயே லிக்விட் கூலருடன் வந்தது. அதில் சிப்பின் வரம்பை 75 டிகிரியிலேயே வைத்திருந்தார்கள். காற்றில் குளிரும் அதே காலத்துக் கார்டுகள் 90-க்கு மேலும் ஓடிக்கொண்டிருந்தன.

இரண்டு, ஹாட்ஸ்பாட். சிப்பில் மிகச் சூடான புள்ளி எது என்பதைக் காட்டும் எண். ஜிபியூ வெப்பநிலையைவிட 10 முதல் 15 டிகிரி கூடுதலாக இருப்பது சகஜம். வித்தியாசம் 25, 30 என்று போனால் தகடு சிப்பில் சரியாக உட்காரவில்லை என்று சந்தேகப்படலாம். ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில் இந்த எண் பொதுவாக வெளியே காட்டப்படுவதில்லை. அதனால் உங்கள் மென்பொருளில் அது இல்லையென்றால் குழம்ப வேண்டாம்.

மூன்று, மெமரி வெப்பநிலை. ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி உள்ள கார்டுகளில் இது 110 டிகிரியைத் தொட்டதும் கார்டு தானாக வேகத்தைக் குறைக்கும். சிப் 60 டிகிரியில் ஜம்மென்று இருக்கும்போதே மெமரி கொதித்துக்கொண்டிருக்கலாம். பலர் கோட்டை விடும் இடம் இதுதான்.

கழற்றும் முன் ஒரு அரை மணி நேரச் சோதனை

கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள். பிறகு ஆன் செய்து, பத்து நிமிடம் எந்த வேலையும் கொடுக்காமல் விடுங்கள். மூன்று எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். அறை வெப்பநிலையையும் ஒரு சாதாரண தெர்மாமீட்டரில் பார்த்து எழுதி வையுங்கள்.

இப்போது வழக்கமாகச் செய்யும் ஒரு கனமான வேலையைக் கொடுங்கள். உங்கள் ரெண்டரே போதும். ஃபர்மார்க் போன்ற கடுமையான சோதனையை, சந்தேகத்துக்குரிய கார்டில் முதலிலேயே ஓட்ட வேண்டாம். வெப்பநிலை வரைபடத்தைத் திறந்துவைத்து, கோடு எப்படி ஏறுகிறது என்று கவனியுங்கள். 85-ஐத் தொட்டால் உடனே நிறுத்திவிடுங்கள்.

கோடு நான்கில் ஒரு விதமாக இருக்கும்.

முதல் விதம்: வேலை கொடுத்த இரண்டு மூன்று வினாடியிலேயே கோடு செங்குத்தாகத் தாவி ஓரிடத்தில் நின்றுவிடும். ஹாட்ஸ்பாட் வித்தியாசம் பெரிதாக இருக்கும். வேலையை நிறுத்தியதும் அதே வேகத்தில் இறங்கும். இது சிப்புக்கும் தகட்டுக்கும் இடையேயான தொடர்புக் கோளாறு.

இரண்டாவது விதம்: ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் 40-லிருந்து 80, 85 என்று நிற்காமல் ஏறிக்கொண்டே போகும். ரேடியேட்டரைத் தொட்டால் குளிர்ச்சியாகவே இருக்கும். திரவம் ஓடவில்லை என்று அர்த்தம். பம்ப் நின்றிருக்கும், அல்லது வழி அடைத்திருக்கும்.

மூன்றாவது விதம்: 15, 20 நிமிடத்தில் மெல்ல மெல்ல ஏறும். ரேடியேட்டரும் இரண்டு குழாய்களும் நன்றாகச் சூடாக இருக்கும். திரவம் தன் வேலையைச் செய்கிறது. ரேடியேட்டரால்தான் வெப்பத்தை வெளியே தள்ள முடியவில்லை. தூசு, ஃபேன், கேபினெட், அறை இவற்றில் ஒன்றுதான் காரணம்.

நான்காவது விதம்: ஜிபியூ எண் நன்றாகவே இருக்கும். ஆனால் மெமரி எண் மட்டும் ஏறும், அல்லது வேகம் காரணமின்றிக் குறையும். இது கார்டின் மற்ற பாகங்களுக்குக் குளிர்ச்சி போகாத பிரச்சினை.

சரி, எது என்று தெரிந்துவிட்டது. இப்போ என்ன பண்ணலாம்?

திரவம் ஓடவில்லையா?

இதுதான் நான்கிலும் அவசரமானது. ஒரு சின்னக் கணக்கு போட்டால் ஏன் என்று புரியும். 350 வாட் இழுக்கும் கார்டு, நிமிடத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீர் ஓடினால், உள்ளே போகும் தண்ணீருக்கும் வெளியே வரும் தண்ணீருக்கும் வித்தியாசம் வெறும் 5 டிகிரி. அதே ஓட்டம் நிமிடத்துக்கு 200 மில்லியாகக் குறைந்தால் வித்தியாசம் 25 டிகிரி. 100 மில்லி என்றால் 50 டிகிரி.

ஆகவே இரண்டு குழாய்களையும் கையால் தொட்டுப் பாருங்கள். கார்டின் மற்ற பாகங்களில் கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருந்தால் ஓட்டம் சரி. ஒன்று கொதித்து மற்றொன்று ஜில்லென்று இருந்தால் ஓட்டம் குறைவு. கார்டு எரிகிறது, இரண்டு குழாயும் ஜில்லென்று இருக்கிறது என்றால் ஓட்டம் சுத்தமாக நின்றுவிட்டது. உடனே அணைத்துவிடுங்கள்.

அடுத்து, பம்ப் எங்கிருந்து மின்சாரம் எடுக்கிறது என்று பாருங்கள். கார்டோடு சேர்ந்து வந்த கூலராக இருந்தால் பெரும்பாலும் கார்டிலிருந்தே எடுக்கும். தனியாக மாட்டிய கூலர் என்றால் மதர்போர்டில் உள்ள ஃபேன் கனெக்டரில் செருகியிருப்பார்கள். அந்த கனெக்டருக்கு பயாஸில் 'சைலன்ட்' மோடு இருந்தால், ஃபேனைக் குறைப்பதுபோல் பம்பையும் குறைத்துவிடும். பம்புக்கு எப்போதும் முழு வேகம் என்று மாற்றுங்கள். இந்த ஒரு செட்டிங்கை மாற்றியே பல கார்டுகள் பிழைத்திருக்கின்றன. பயாஸில் பம்பின் ஆர்பிஎம் பூஜ்யம் என்று காட்டினால் கனெக்டர் கழன்றிருக்கிறதா என்று பாருங்கள்.

பம்ப் சுற்றுகிறது, ஆனால் களகளவென்று சத்தம் வருகிறதா? உள்ளே காற்றுக் குமிழ் சிக்கியிருக்கிறது. மூடிய கூலர்களிலும் வருடக்கணக்கில் ரப்பர் குழாய் வழியாகத் திரவம் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகித் தப்பிக்கும். அந்த இடத்தில் காற்று நிற்கும். காற்று எப்போதும் உயரமான இடத்துக்குத்தான் போகும். பம்ப் கார்டிலேயே இருக்கும்போது ரேடியேட்டரைக் கேபினெட்டின் அடியில் மாட்டியிருந்தால், அந்தக் காற்று நேராக பம்புக்குள் வந்து உட்காரும். ரேடியேட்டர் மேலே இருக்க வேண்டும். கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கை உருவி, கேபினெட்டை மெதுவாகச் சாய்த்து ஆட்டினால் பல நேரம் குமிழ் மேலே போய்விடும்.

இவ்வளவுக்கும் மசியவில்லை என்றால் அடைப்பு இருக்கலாம். 2021-ல் எம்எஸ்ஐ நிறுவனம் தன் மேக் கோர்லிக்விட் 240ஆர், 360ஆர் சிபியூ கூலர்களில் உள்ளே படிவு சேர்ந்து ஓட்டம் தடைபடலாம் என்று ஒப்புக்கொண்டு மாற்றித் தந்தது. அது சிபியூவுக்கான கூலர் என்றாலும் நோய் ஒன்றுதான். மூடிய கூலரில் அடைப்பு என்றால் வீட்டில் திறக்காதீர்கள். அது வாரண்டிக்குப் போக வேண்டிய பொருள்.

தகடு சரியாக உட்காரவில்லையா?

தொடர்புக் கோளாறு பெரும்பாலும் மூன்று சந்தர்ப்பங்களில் வரும். புதிதாக வாட்டர் பிளாக் மாட்டிய கார்டு, மூன்று நான்கு வருடம் ஆன கார்டு, கூரியரிலோ பயணத்திலோ அடிபட்ட கார்டு.

புதிதாக மாட்டியது என்றால் முதலில் வெட்கப்படாமல் ஒன்றைப் பாருங்கள்: தகட்டிலும் தெர்மல் பேடிலும் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் உறையை உரித்தீர்களா? அனுபவசாலிகளே மறக்கும் விஷயம் இது. அடுத்தது பேடின் தடிமன். கார்டுக்குக் கார்டு இது மாறும். ஒரு மில்லிமீட்டர் கேட்கும் இடத்தில் ஒன்றரை மில்லிமீட்டர் வைத்தால் மெமரி குளிரும், ஆனால் தகடு தூக்கிக்கொண்டு சிப்பைத் தொடாது. பிளாக் தயாரித்தவர் கொடுத்த படத்தில் உள்ள அளவையே பயன்படுத்துங்கள்.

பழைய கார்டு என்றால் தெர்மல் பேஸ்ட் உலர்ந்திருக்கும், அல்லது சூடேறி ஆறி ஓரத்துக்குத் தள்ளப்பட்டிருக்கும். பழையதை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, சிப் முழுவதும் மெல்லிய பூச்சாகப் புது பேஸ்ட் தடவுங்கள். நான்கு ஸ்க்ரூவையும் எதிரெதிர் மூலையாக, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுசா முறுக்கிவிட்டு மறுபக்கத்துக்குப் போனால் தகடு சாய்ந்துவிடும், சிப்பின் ஓரம் உடையவும் வாய்ப்பு உண்டு.

லிக்விட் மெட்டல் போடச் சொல்லி யாராவது ஆசை காட்டினால் யோசியுங்கள். அது மின்சாரம் கடத்தும். அலுமினியத்தை அரிக்கும். முதல் முயற்சிக்கு ஏற்றதல்ல.

ரேடியேட்டர் தூசு பிடித்திருக்கிறதா?

நம் பக்கத்தில் அதிகம் காணப்படும் காரணம் இதுதான் என்று சொல்லலாம். சாமராஜநகர் கருங்கல் குவாரிகளுக்குப் பேர்போன மாவட்டம். அது போக செம்மண் புழுதி. ஜன்னல் திறந்த வீட்டில் சில மாதத்திலேயே ரேடியேட்டரின் துடுப்புகளுக்கு நடுவே கம்பளி விரித்ததுபோல் தூசு படிந்துவிடும். ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் படிவதால் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. டார்ச் அடித்து எதிர்ப்பக்கத்திலிருந்து வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள்.

சுத்தம் செய்யும்போது ஃபேனைக் கழற்றிவிட்டு, மென்மையான பிரஷ்ஷால் தட்டி, புளோயரால் ஊதுங்கள். ஃபேன் மேல் ஊதும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அளவுக்கு மீறிச் சுழன்று பேரிங் கெட்டுவிடும். மறுபடி மாட்டும்போது ஃபேனின் ஓரத்தில் உள்ள அம்புக்குறியைப் பார்த்து மாட்டுங்கள். இரண்டு ஃபேன்கள் ஒன்றுக்கொன்று எதிராக ஊதிக்கொண்டிருக்கும் கேபினெட்டுகளும் உண்டு.

ரேடியேட்டரின் அளவும் முக்கியம். ஒரு 120 மில்லிமீட்டர் பகுதிக்குச் சுமார் 150 வாட் என்பது பலரும் வைத்துக்கொள்ளும் பொதுக்கணக்கு. ஆர்டிஎக்ஸ் 4090-ன் மின் அளவு 450 வாட். 5090-க்கு 575 வாட். ஒரே சுற்றில் சிபியூவையும் சேர்த்து 240 ரேடியேட்டரில் ஓட்டினால் நம் ஊர் கோடையில் அது திணறத்தான் செய்யும். அது கோளாறு இல்லை, தொடக்கத்திலேயே கணக்குத் தப்பியிருக்கிறது.

அறையையும் சோதிக்க எளிய வழி உண்டு. கேபினெட்டின் பக்கவாட்டுக் கதவைத் திறந்துவைத்து அதே வேலையை 20 நிமிடம் ஓட்டுங்கள். ஐந்து டிகிரிக்கு மேல் இறங்கினால் கேபினெட்டுக்குள் காற்றோட்டம் போதவில்லை. இறங்கவில்லை என்றால் அறைக்கதவையும் ஜன்னலையும் திறந்து பாருங்கள். உங்கள் கம்ப்யூட்டர் 500 வாட் இழுத்தால் அந்த 500 வாட்டும் வெப்பமாக அந்த அறைக்குள்தான் விழுகிறது. மூடிய அறையில் அரை கிலோவாட் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு வேலை செய்வதற்குச் சமம்.

திரவத்தில் ஐஸ் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டவே வேண்டாம். அறைக்காற்றைவிடக் குளிர்ந்துபோன குழாயின் வெளிப்பக்கம் வியர்க்கும். அந்த ஈரம் போர்டின் மேல் சொட்டும்.

மெமரி மட்டும் கொதிக்கிறதா?

லிக்விட் கூலிங் என்று பெயர் இருந்தாலும் பல கார்டுகளில் திரவம் தொடுவது சிப்பை மட்டும்தான். மெமரியையும் மின்சாரம் ஒழுங்குபடுத்தும் பகுதியையும் ஒரு சின்ன ஃபேன்தான் குளிர்விக்கும். அந்த ஃபேன் நின்றுபோனால் ஜிபியூ எண்ணில் எதுவும் தெரியாது. அதனால் அது சுற்றுகிறதா என்று கண்ணால் பாருங்கள்.

ஆர்டிஎக்ஸ் 3090-ல் இன்னொரு சிக்கல். அதில் மெமரி சிப்புகள் போர்டின் இரண்டு பக்கமும் இருக்கின்றன. வாட்டர் பிளாக் முன்பக்கத்தை மட்டும் தொடுவதால் பின்பக்க மெமரி வெறும் உலோகத் தகட்டை நம்பியிருக்கும். அந்தத் தகட்டின் மேல் காற்று படும்படி ஒரு சாதாரண 120 மில்லிமீட்டர் ஃபேனை வைத்தாலே நல்ல மாற்றம் தெரியும்.

பெரிய கம்பெனி செய்ததிலும் தவறு இருக்குமா?

இருக்கும். 2022 டிசம்பர் 13-ல் ஏஎம்டியின் ரேடியான் ஆர்எக்ஸ் 7900 எக்ஸ்டிஎக்ஸ் விற்பனைக்கு வந்தது. சில நாட்களில், ஏஎம்டியின் சொந்த வடிவமைப்பில் வந்த சில கார்டுகளில் ஹாட்ஸ்பாட் 110 டிகிரியைத் தொட்டு வேகம் குறைவதாகப் புகார்கள் எழுந்தன. அதில் பம்ப் கிடையாது. ஆனால் உள்ளே கொஞ்சம் தண்ணீர் அடைத்த 'வேப்பர் சேம்பர்' உண்டு. அந்தத் தண்ணீர் ஆவியாகி, குளிர்ந்து, திரும்பி வந்து வெப்பத்தைக் கடத்த வேண்டும். ஜெர்மனியைச் சேர்ந்த டெர்8அவர் என்ற யூடியூபர் கார்டை வெவ்வேறு கோணத்தில் வைத்துச் சோதித்து, கோளாறு அந்தச் சேம்பரில்தான் இருக்க வேண்டும் என்று காட்டினார். 2023 ஜனவரியில் ஏஎம்டி அதை ஒப்புக்கொண்டது. ஒரு பகுதிக் கார்டுகளின் சேம்பரில் போதுமான தண்ணீர் இல்லை என்றது. மாற்றியும் தந்தது.

இதில் நமக்கு இரண்டு பாடம். ஒன்று, ஜிபியூ எண் மட்டும் பார்த்திருந்தால் அந்தக் கோளாறு தெரிந்தே இருக்காது. ஹாட்ஸ்பாட்தான் காட்டிக்கொடுத்தது. இரண்டு, 'நான்தான் ஏதோ தப்பு பண்ணிட்டேன்' என்று நீங்களாக முடிவு செய்துகொள்ள வேண்டாம்.

சத்தத்தைப் பற்றியும் ஒன்று. 2015 ஜூனில் வந்த ஏஎம்டி ஃப்யூரி எக்ஸ் கார்டில் பம்ப் கீச்சென்று ஒலிப்பதாகப் பலர் சொன்னார்கள். ஆனால் கார்டு குளிர்ச்சியாகவே இருந்தது. சத்தம் இருப்பதே நோய் அல்ல. நேற்றுவரை இல்லாத சத்தம் இன்று வருவதும், நேற்றுவரை இருந்த மெல்லிய சத்தம் இன்று நின்றுபோவதும்தான் எச்சரிக்கை.

நீங்களே கட்டிய சுற்றா? தண்ணீரைக் கவனியுங்கள்

கஸ்டம் லூப் வைத்திருப்பவர்களுக்குக் கூடுதல் வேலை உண்டு. போர்வெல் தண்ணீர், ஆர்ஓ தண்ணீர் இரண்டும் ஆகாது. ஆர்ஓவிலும் உப்பு மிச்சம் இருக்கும். பெட்ரோல் பங்க்கில் கிடைக்கும் பேட்டரி வாட்டரில் பாசியையும் அரிப்பையும் தடுக்கும் மருந்து கிடையாது. இதற்கென்று விற்கும் கூலண்ட் வாங்குவதே பாதுகாப்பு. வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

செம்பு பிளாக்கும் அலுமினிய ரேடியேட்டரும் ஒரே சுற்றில் இருக்கக் கூடாது. இரண்டு உலோகமும் ஒரே திரவத்தில் நனைந்தால் அலுமினியம் அரிக்கத் தொடங்கும். அந்தத் துகள் போய் அடைப்பது கோல்டு பிளேட்டின் மெல்லிய இடைவெளிகளைத்தான். பால்போன்ற நிறக் கூலண்டும் அழகாக இருக்கும், ஆனால் படிவு விடும்.

'இந்தக் கூலண்ட் மின்சாரம் கடத்தாது' என்று பாட்டிலில் எழுதியிருப்பதை நம்பி இருந்துவிடாதீர்கள். சுற்றில் சில மாதம் ஓடி உலோக அயனிகள் கலந்த பிறகு அது கடத்தும். கசிவைப் பார்த்தால் முதலில் சுவர் சுவிட்சை அணையுங்கள். கார்டைக் கழற்றி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் கழுவி, இரண்டு நாள் உலரவிடுங்கள். 'ஒரு தடவை ஆன் பண்ணிப் பார்க்கலாமே' என்ற ஆசைதான் பிழைக்க வேண்டிய கார்டைக் கொல்லும்.

கரண்ட் கட் ஆனால் பம்ப் நின்றுவிடுமே என்று கவலைப்படத் தேவையில்லை. கார்டும் சேர்ந்தே நின்றுவிடுகிறது. கார்டு ஓடும்போது பம்ப் மட்டும் நிற்பதுதான் ஆபத்து.

திங்கட்கிழமை டெலிவரிக்கு என்ன வழி?

பம்ப் ஓடுகிறது, கசிவு இல்லை, ஆனாலும் சூடு அதிகம் என்றால் வேலையை நிறுத்த வேண்டியதில்லை. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போன்ற மென்பொருளில் பவர் லிமிட்டை 70 அல்லது 75 சதவீதத்துக்கு இறக்குங்கள். மின்சாரம் குறையும் அளவுக்கு வேகம் குறையாது. கால் பங்கு மின்சாரத்தைக் குறைத்தாலும் பல வேலைகளில் வேகம் பத்து சதவீதத்தை ஒட்டித்தான் குறையும். ரெண்டரை இரவிலும் அதிகாலையிலும் ஓடவிடுங்கள். மதிய வெயிலைவிட அறை பல டிகிரி குறைவாக இருக்கும், அந்த இறக்கம் அப்படியே கார்டுக்கும் வரும்.

பம்ப் நின்றுபோன கார்டுக்கு மட்டும் இந்த வழி கிடையாது. அதை ஐந்து நிமிடம்கூட ஓட்டாதீர்கள். க்ளையன்ட்டுக்கு போன் செய்து அவகாசம் கேளுங்கள், அல்லது ரெண்டரை வாடகை சர்வருக்கு மாற்றுங்கள்.

சர்வீசுக்கு எடுத்துப்போகும்போது

திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவுகள். கேபினெட்டைப் பின்சீட்டில் நிற்கவைத்துக் கொண்டுபோனால் ஒன்றரை கிலோ, இரண்டு கிலோ எடையுள்ள கார்டு ஒவ்வொரு வளைவிலும் ஸ்லாட்டை இழுக்கும். குழாய் இணைப்புகளும் தளரும். தொழிற்சாலைக் கூலர் என்றால் கார்டை ரேடியேட்டரோடு கழற்றி, குழாய் மடங்காமல் தனிப்பெட்டியில் வையுங்கள். கஸ்டம் லூப் என்றால் திரவத்தை வடித்துவிட்டுக் கொண்டுபோங்கள். முடியாவிட்டால் மதர்போர்டு தரைக்கு இணையாக இருக்கும்படி கேபினெட்டைப் படுக்கவையுங்கள்.

வாரண்டி தர மறுத்தால்?

கழற்றுவதற்கு முன் பில், சீரியல் நம்பர், ஸ்க்ரூ மேல் உள்ள ஸ்டிக்கர் மூன்றையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டிக்கர் கிழிந்தால் வாரண்டி போகுமா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். மேலே சொன்ன சோதனையின் எண்களையும் வரைபடத்தின் ஸ்க்ரீன்ஷாட்டையும் சேர்த்து அனுப்பினால், 'ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?' என்ற கேள்வியிலேயே இரண்டு வாரம் போகாது.

வாரண்டி இருந்தும் மறுத்தால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதிலும் தீரவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பலருக்குத் தெரியாத ஒரு வசதி உண்டு: கடை பெங்களூரிலோ டெல்லியிலோ இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஆன்லைனில் இ-ஜாக்ரிதி தளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

'நீங்க இதை வச்சு சம்பாதிக்கிறீங்க, அதனால நீங்க நுகர்வோர் இல்ல' என்று யாராவது சொன்னால் அசர வேண்டாம். வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்பது உண்மை. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்கித் தானே பயன்படுத்துபவர் நுகர்வோர்தான் என்று அதே சட்டம் விளக்கம் தருகிறது. ஃப்ரீலான்சர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. கார்டு நன்றாக இருக்கும்போதே ஒருநாள் இந்த அரை மணி நேரச் சோதனையைச் செய்து, அறை வெப்பநிலையோடு சேர்த்து எண்களை ஒரு காகிதத்தில் எழுதிக் கேபினெட்டின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். அடுத்த ஏப்ரலில் ஃபேன் சத்தம் ஏறும்போது, இது வெயிலா கோளாறா என்று அந்தக் காகிதம் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடும்.